‘கொடுமணல் உருக்குக் கத்தி’ என்று வந்தது சாம்பார் வாளித் தகடு

இன்ஸ்டாவில் ‘கைவேலைக் கத்தி’, ‘டமாஸ்கஸ்’, ‘பண்டைத் தமிழர் உருக்கு’ என்று விற்கிற யாருக்காவது முன்பணம் அனுப்பும் யோசனையில் இருந்தால், அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 7,500 ரூபாய். விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை. போட்டும் பயனில்லை, அந்தப் பக்கத்தின் பெயர் ஏற்கெனவே மாறிவிட்டது, படங்கள் மட்டும் அதே படங்கள்.

எனக்கு வேண்டியது ஷோகேஸில் வைக்கிற கத்தி இல்லை. கோபி பக்கம் வாழை வைத்திருக்கிறோம். தோட்டத்தில் நாள் முழுக்க இடுப்பிலேயே கிடக்க ஒரு கத்தி வேண்டும். இலை அறுக்க, பூ எடுக்க, உர மூட்டைத் தையலைப் பிரிக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட, முட்டுக்கழியில் கட்டிய கயிற்றை அறுக்க, மத்தியானம் அதையே கழுவி வெங்காயம் நறுக்க. தார் வெட்டக் கொடுவாள் தனியாக இருக்கிறது. மடக்குக் கத்தி வாழைக்கு ஆகவே ஆகாது. கறை மடிப்புக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால் ஆணி இறுகிப்போகும், நகம் பிய்ந்தாலும் திறக்காது. அதனால்தான் மடங்காத கத்தி கேட்டேன்: நாலு அங்குல அலகு, மூன்று மில்லிமீட்டர் கனம், அலகின் இரும்பே பிடியின் கடைசி வரைக்கும் ஓட வேண்டும், தோல் உறை. அளவெல்லாம் தாளில் வரைந்து அனுப்பினேன்.

அவர் பேச்சு அருமை. “அக்கா, இது சாதாரண கத்தி இல்லக்கா, கொடுமணல் முறையில மூசையில உருக்கின ஒரிஜினல் வூட்ஸ். ராக்வெல் அறுபது. ஆயுசுக்கும் துரு பிடிக்காது. பிடி ஈட்டி மரம், பித்தளை ஆணி.” (மூசை என்றால் உலோகம் உருக்குகிற மண் குடுவை, வூட்ஸ் என்பது அதில் உருக்கிய பழைய தென்னிந்திய எஃகின் ஆங்கிலப் பெயர், ராக்வெல் என்பது கடினத்தின் அளவு.) அதோடு உலையில் இரும்பு சிவக்கிற வீடியோ ஒன்று. முன்பணம் 4,000, மீதி அனுப்புவதற்கு முன். யுபிஐயில் கடைப் பெயர் வரவில்லை, தனியாள் பெயர்தான் வந்தது. கேட்டதற்கு “அண்ணன் அக்கவுண்ட்டுக்கா” என்றார்.

கொடுமணல் எங்கள் ஈரோடு மாவட்டம்தான். நொய்யல் கரையில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்த ஊர். அந்தப் பெருமைக்குத்தான் அவர் விலை போட்டிருக்கிறார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியாக நம்பும்படி இருக்கும், சேர்த்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்றை அடிக்கும்.

மூசையில் உருக்கிய அந்தப் பழைய எஃகில் கரி (கார்பன்) அதிகம், ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். மெதுவாக ஆறும்போது உள்ளே கரியும் இரும்பும் சேர்ந்த கார்பைடு வரி வரியாகப் படியும், அதுதான் அலகில் நீரோட்டம் போலத் தெரிகிற கோலம். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் அதன் ரகசியத்தைக் கண்டுபிடிக்க உட்கார்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த எஃகு துரு பிடிக்கும். எலுமிச்சம்பழம் அறுத்துத் துடைக்காமல் வைத்தால் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். துரு பிடிக்காமல் இருக்கப் பத்து சதவீதத்துக்கு மேல் குரோமியம் வேண்டும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அப்படி ஒரு எஃகைக் காய்ச்சியது 1913-இல். ஆக ‘கொடுமணல் முறை’யும் ‘ஆயுசுக்கும் துரு பிடிக்காது’ம் ஒரே கத்தியில் இருக்க முடியாது. நம்மூரில் மூசை உருக்குத் தொழில் 19-ஆம் நூற்றாண்டோடு அடங்கிவிட்டது. இன்று அதைத் திரும்பச் செய்து பார்க்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான், அவர்கள் 7,500 ரூபாய்க்குத் தர மாட்டார்கள்.

கடைகளில் ‘டமாஸ்கஸ்’ என்று கிடைப்பது பெரும்பாலும் வேறு. இரண்டு வகை எஃகை அடுக்கி, உலையில் அடித்து ஒட்டி, மடித்து மடித்துச் செய்வது. ஃபெரிக் குளோரைடில் போட்டால் ஒரு வகை கறுக்கும், நிக்கல் கலந்த வகை வெள்ளையாகவே நிற்கும். அதுவும் நேர்மையான வேலைதான், செய்கிற கை நன்றாக இருந்தால் அறுப்பும் நன்றாக இருக்கும். எனக்கு வந்தது இந்த இரண்டும் இல்லை.

பெட்டியைப் பிரித்தபோது கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. வாழை இலை அறுத்தது. வாழை இலையை ஸ்கேல் கூட அறுக்கும். உர மூட்டைகளின் பிளாஸ்டிக் தையலை வரிசையாக அறுத்த அன்றே முனை மழுங்கிவிட்டது. மழுங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது, கூர் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. விரலைக் குறுக்கே தடவினால் ஓரத்தில் ஒரு விளிம்பு தட்டுப்படும். சாணைக்கல்லில் தேய்த்தால் நிமிரும், அடுத்த கயிற்றில் திரும்ப மடங்கும். அப்புறம் ஒருநாள் அரசாணிக்காயை (பூசணி) பிளக்கும்போது அலகு வளைந்தது. நல்ல கத்தி கொஞ்சம் வளைந்தாலும் விட்டதும் நேராக வந்துவிடும். இது வளைந்தபடியே நின்றது. கையால் அமுக்கித்தான் நிமிர்த்தினேன்.

ஊரில் கொடுவாள் அடிக்கிற பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். வாங்கி எடை பார்த்தார், சுண்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அரத்தை எடுத்து முதுகுப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தார். காய்ச்சித் தோய்த்த எஃகாக இருந்தால் அரம் வழுக்க வேண்டும். இதில் பொடிப் பொடியாகச் சீவிக்கொண்டு வந்தது.

“எங்கீங்கம்மணி வாங்குனீங்க?”

சொன்னேன். விலையையும் சொன்னேன். பட்டறையில் துருத்தி சுற்றிக்கொண்டிருந்த பையன் சிரித்துவிட்டான்.

கிரைண்டரில் முதலில் ஒரு லாரி ஸ்பிரிங் பட்டையை வைத்துக் காட்டினார். பொறி வெள்ளையாகக் கிளம்பி, நுனியில் கிளை கிளையாக வெடித்தது. கரி இருக்கிற எஃகு அப்படித்தான் வெடிக்கும். அப்புறம் என் கத்தியின் பிடிப்பக்கம் வைத்தார். ஆரஞ்சு நிறத்தில் குட்டையாக நாலு கோடு, வெடிப்பே இல்லை. ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அலகில் வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது. “இது சாம்பார் வாளி பண்ற தகடுங்கம்மணி. இதெய எத்தன காய்ச்சுனாலும் வைரம் ஏறாதுங்க” என்றார். பாத்திரத்துக்குப் போடுகிற 202, 304 வகை ஸ்டெயின்லெஸ் தகட்டைத்தான் சொல்கிறார். அதைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் கடினமாகாது. (காந்தம் ஒட்டினால் நல்ல கத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மட்டமான கத்தித் தகடுகளிலும் காந்தம் ஒட்டும். ஒட்டாவிட்டால்தான் சந்தேகமே இல்லை, அது கத்திக்கு ஆகாது.)

கோலம் மிச்சமிருந்தது. நானூறு நம்பர் எமரித் தாளால் ஒரு ஓரத்தைத் தேய்த்தோம். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வெறும் டம்ளர் மாதிரி வெள்ளையாகிவிட்டது. உண்மையான கோலம் இரும்புக்குள்ளேயே இருப்பது, தேய்த்தால் மங்கும், அமிலம் பட்டால் திரும்ப எழும். சர்க்யூட் போர்டு அரிக்கிற ஃபெரிக் குளோரைடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், வாங்கி வந்து பூசினேன். வரவில்லை. மேலாக அச்சடித்த கோலம், அவ்வளவுதான்.

பிடியையும் பிளந்தார். ‘பித்தளை ஆணி’ இரண்டும் வெளியே ஒட்டிய பொட்டு, ஊடுருவவே இல்லை. ஈட்டி என்று சொன்ன மரத்தைச் சுரண்டினால் சாயத்துக்குக் கீழே வெளுப்பு. அலகின் வால் பிடிக்குள் ஒன்றரை அங்குலத்தோடு நின்றுவிட்டது, மீதி இடம் முழுக்கப் பசை. எனக்கு வயிறு கலங்கியது இதைப் பார்த்துத்தான். மூங்கில் முட்டுக்கழியில் அழுத்தி அறுக்கும்போது அந்த வால் உள்ளே ஒடிந்திருந்தால் அலகு என் உள்ளங்கைக்குத்தான் வந்திருக்கும்.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில், “யூஸ் பண்ணத் தெரியலக்கா உங்களுக்கு.” அடுத்தது, “கஸ்டம் ஆர்டர், ரிட்டர்ன் கிடையாது.” மூன்றாவதுதான் உச்சம்: “கத்திய கூரியர்ல போட்டா ஆயுதச் சட்டத்துல கேஸ் ஆகும், யோசிச்சுக்கோங்க.” அவர் எனக்கு அதே கத்தியைக் கூரியரில்தான் அனுப்பினார். உரிமம் கேட்கிற கத்தி எது என்று ஆயுத விதிகளின் அட்டவணையிலேயே இருக்கிறது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம். அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை சேராது. நாலு அங்குலத் தோட்டக் கத்தியைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம். இதை எழுதி அனுப்பியதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

பணம் அனுப்பும் முன் என்ன கேட்கலாம் என்றால், முதலில் எஃகின் பெயர். ‘ஹை கார்பன்’, ‘டமாஸ்கஸ்’ எல்லாம் பெயர் இல்லை. இஎன்31, 5160, 80சிஆர்வி2, டி2 என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். இஎன்31 பேரிங் எஃகு, நன்றாக அறுக்கும், துடைத்து வைக்காவிட்டால் துரு பிடிக்கும். டி2-வில் 12 சதவீதம் குரோமியம் இருக்கும், துரு கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட உயிர் போகும். இந்த வித்தியாசத்தை அவரே சொன்னால் வேலை தெரிந்தவர். பிடி மாட்டுவதற்கு முன் வாலோடு சேர்த்து ஒரு படம் கேளுங்கள், அந்தப் படத்தில் உங்கள் பெயர் எழுதிய சீட்டையும் வைக்கச் சொல்லுங்கள். நிஜமாகச் செய்கிறவருக்கு இது ஒரு நிமிட வேலை. நம் நாட்டிலேயே நல்ல கைகள் இருக்கின்றன, மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள், விலையும் கூடத்தான், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். பில் தர முடியாது என்கிறவரிடம் அதற்கு மேல் பேசவே வேண்டாம். பெட்டி வந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

எனக்குத் தோட்டத்துக்குக் கத்தி ஆக வேண்டுமே. பட்டறைக்காரரே லாரி ஸ்பிரிங் பட்டையில் அதே அளவுக்கு ஒன்று அடித்துக் கொடுத்தார், பிடிக்குக் கருவேலம், ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. பார்க்க முரடு. கழுவித் துடைத்து ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவாவிட்டால் மறுநாள் காலை செம்புள்ளி வந்துவிடும். மூட்டைத் தையல், கயிறு, குழாய் என்று எதற்கும் இன்னும் கூர் மடங்கவில்லை.

பணத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிந்தேன். பொருளே வராமல் பணம் மட்டும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிட வேண்டும், சைபர் மோசடிக்கான எண் அதுதான். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வாட்ஸ்ஆப் பேச்சு, யுபிஐ ரசீது, பட்டறையில் எடுத்த வீடியோ, பிளந்த பிடி எல்லாம் கொடுத்தாயிற்று.

பார்சலில் போட்டிருந்த முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் ‘அப்படி யாரும் இல்லை’ என்று திரும்பி வந்துவிட்டது. கையில் மிச்சமிருப்பது அந்த ‘அண்ணன் அக்கவுண்ட்’ பெயரும் பரிவர்த்தனை எண்ணும்தான். அதை வைத்து எதிர்மனுதாரரைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். வேறு பெயரில் நடக்கிற அந்தப் பக்கத்தில் இந்த வாரமும் அதே உலை வீடியோ ஓடுகிறது, விலை மட்டும் 8,900 ஆகியிருக்கிறது.