பனகல் பூங்காவா, ராபின்சன் பூங்காவா?

சென்னையில் ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது. ஒரு பழைய பூங்காவையும் அதைச் சுற்றியுள்ள பேட்டையையும் பார்க்க வேண்டும். எங்கே போவது? பலரும் தி.நகர் பனகல் பூங்காவைத்தான் சொல்வார்கள். நான் ராயபுரம் ராபின்சன் பூங்காவைச் சொல்வேன்.

பனகல் பூங்காவின் பெருமையும் சாதாரணமானதல்ல. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தி.நகரை உருவாக்கியபோது அமைத்தது. உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை எல்லாம் இதைச் சுற்றித்தான் பிரிகின்றன. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சியின் பனகல் அரசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பலதரப்பு மக்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் தென்மாவட்டப் பிள்ளைகள், நடைபாதையில் முக்காலி போட்டு மெஹந்தி வரையும் வட இந்தியர்கள், பை பையாகத் துணி வாங்கிக்கொண்டு கால் வலிக்க உட்கார இடம் தேடும் குடும்பங்கள். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் கடைக்காக வந்தவர்கள். போதாக்குறைக்கு, மெட்ரோ சுரங்க வேலை பூங்காவின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது.

ராயபுரத்தில் பலதரப்பு மக்களும் அங்கேயே வாழ்கிறவர்கள். துறைமுகமும் ரயிலும் அழைத்து வந்த கூட்டம் அது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இங்கிருந்துதான் புறப்பட்டது. படகோட்டிகள் எழுப்பிய புனித ராயப்பர் தேவாலயம், நெருப்பைப் புனிதமாகக் கருதும் பார்சிகளுக்கென்று 1910இல் எழுந்த அக்னி ஆலயம், பள்ளிவாசல்கள், தெலுங்கு பேசும் வீடுகள், கொஞ்சம் தள்ளிக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். எல்லாம் நடந்தே பார்க்கிற தூரம். அக்னி ஆலயத்துக்குள் பார்சிகளுக்கு மட்டும்தான் அனுமதி, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பூங்கா. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இங்கேதான். அண்ணா பேசினார், கூட்டம் நனைந்துகொண்டே நின்றது. 1967இல் அந்தக் கட்சி ஆட்சிக்கே வந்துவிட்டது. பனகல் பூங்கா, அதிகாரத்தில் இருந்த ஒருவருக்குச் செய்த மரியாதை. ராபின்சன் பூங்காவோ, அதிகாரம் எதுவும் இல்லாதவர்கள் கூடிய இடம். இன்றைக்கு அதற்கு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். எனக்கு இந்த வரலாறுதான் பெரிது.

தீபாவளித் துணி எடுக்கவும் வேண்டும் என்றால் சரி, தி.நகரே போங்கள். இல்லையென்றால் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். வயதானவர்களிடம் ராபின்சன் பூங்கா என்றே கேளுங்கள், வழி சொல்வார்கள்.