மலையாற்று ட்ரவுட்டுக்கு ஒரு ஃபிளை செட்: 6 பருவம் உழைத்தபின் எது நின்றது, எது தேய்ந்தது

இங்கே பேசப்போவது, ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனை ஃபிளையால், அதாவது முள்ளில் பூச்சிபோல் கட்டிய பொய் இரையால், பிடிக்கும் ஒரே ஒரு செட்டைப் பற்றி. 8 அடி 6 அங்குல நீளத்தில், நாலு துண்டாகக் கழற்றக்கூடிய 4-எடை கிராஃபைட் ராடு (தூண்டில் கோல்), அதே எடைக்கான மிதக்கும் லைன் (வீசும் கயிறு), கிளிக் வகைச் சின்ன ரீல், 9 அடி லீடர், ஒரு கைப்பெட்டி ஃபிளை, மார்பளவு நீர்புகாக் கால்சட்டை, ஆற்று பூட்ஸ். ஆறு என்றால் பாறை நெருக்கிய, வேகமான, முழங்காலிலிருந்து இடுப்புவரை ஆழமுள்ள மலையாறு. வாங்கும்போது எல்லோரும் ராடைத்தான் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கிறோம். ஆனால் மீன் விழுவதும் விழாததும் பெரும்பாலும் ராடு நுனிக்கு அப்பால், லைனின் கடைசி முழத்திலும் லீடரிலும்தான் முடிவாகிறது. முதலில் தேய்வதும் அங்கேதான். அதனால் மீன் பக்கத்தில் தொடங்கிக் கைப்பக்கம் வருகிறேன்.

லீடர் என்பது தடிப்பாகத் தொடங்கிப் போகப் போக மெலியும் தங்கூசி. அதன் நுனியில் கட்டுகிற, ஒரே பருமனுள்ள மெல்லிய துண்டு டிப்பெட். டிப்பெட் சுருளில் போட்டிருக்கும் X என்ற எண்ணைப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை. 11-லிருந்து அதைக் கழித்தால், விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வந்துவிடும். 5X என்றால் 0.006 அங்குலம், அதாவது சுமார் 0.15 மி.மீ. ஃபிளை முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறக்குறையப் பொருத்தமான X கிடைக்கும்; 16-ஆம் எண் முள்ளுக்கு 5X. டிப்பெட் இதைவிடத் தடித்தால் ஃபிளை விறைத்துக்கொண்டு, ஓட்டத்தோடு போகாது. மெலிந்தால் வீசும்போது ஃபிளை சுழன்று டிப்பெட்டை முறுக்கிவிடும்.

நைலான் டிப்பெட் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் பலம் இழக்கும். சுருளின் மேல் வாங்கிய மாதத்தைப் பேனாவால் எழுதிவைத்து, பருவம் முடிந்ததும் மிச்சத்தைத் தூக்கிப் போடுவதே நல்லது. பழைய சுருளை மிச்சம் பிடித்தால் போவது மீன். ஃபுளோரோகார்பன் வெயிலைத் தாங்கும், நைலானைவிட வேகமாக மூழ்கும். அதனால் அடியில் போகும் நிம்ஃப் வகை ஃபிளைக்கு ஃபுளோரோகார்பன், மேலே மிதக்கும் ஃபிளைக்கு நைலான் என்று பிரித்துக்கொள்வது வசதி.

மீன் அறுத்துக்கொண்டு போனால் உடனே புதிதாகக் கட்டத் தொடங்காதீர்கள். மிஞ்சிய நுனியை விரலில் பிடித்து வானத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது: சுற்று குறைவு, அல்லது முழுசாக இறுகவில்லை. சுருளில்லாமல் மொட்டையாக இருந்தால் இழைதான் அறுந்திருக்கிறது. பாறையில் உரசியதா, நடுவில் காற்று முடிச்சு விழுந்ததா என்று மேலே தடவிப் பார்க்க வேண்டும். காற்று முடிச்சு என்று பெயர்தான், காற்றால் விழுவது குறைவு. முன்வீச்சைத் தொடக்கத்திலேயே வெடுக்கென்று தள்ளினால் லைனின் வளையம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும், முடிச்சு விழும். அது இழையின் பலத்தைப் பாதிக்குக்கூட இறக்கிவிடும். கண்ணில் பட்டால் அவிழ்க்க முயலாமல் வெட்டி மாற்றுங்கள்.

லீடரோடு டிப்பெட்டை இணைக்க மூன்று சுற்று சர்ஜன் முடிச்சு போதும். இரண்டு இழையையும் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு கண்ணி போட்டு, முனைகளை மூன்று முறை உள்ளே நுழைத்து, எச்சில் தொட்டு நனைத்து, நாலு முனையையும் ஒன்றாக, மெதுவாக இழுக்க வேண்டும். உலர்ந்தபடியே இறுக்கினால் உரசும் சூட்டில் இழை பொசுங்கும். ஃபுளோரோகார்பனில் இந்தத் தப்பை மன்னிப்பே கிடையாது. இந்தச் செட்டில் சேர்த்ததிலேயே உருப்படியான சிறு பொருள், லீடர் நுனியில் கட்டும் 2 மி.மீ. டிப்பெட் வளையம். அது இருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் லீடரை வெட்டிக் குறைக்க வேண்டியதில்லை, ஒரே லீடர் பல நாள் வரும்.

அடுத்து லைன். முதல் 30 அடியின் எடை 120 கிரெயின், கிட்டத்தட்ட 7.8 கிராம், இருந்தால் அது 4-எடை லைன். நைலான் பின்னலின்மேல் பி.வி.சி. பூச்சு, அதற்குள் மிதப்பதற்கான நுண்ணிய வெற்றுக் கண்ணாடி மணிகள். இந்தப் பூச்சுதான் லைனின் உயிர். அதைக் கொல்வது கொசுவிரட்டி. டீட் கலந்த மருந்தைத் தடவிய விரலால் லைனைப் பிடித்தால் பூச்சு பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். வெயிலுக்குப் பூசும் கிரீமும் நல்லதல்ல. புறங்கையால் பூசிக்கொண்டு உள்ளங்கையைச் சுத்தமாக வைத்திருப்பது நல்ல பழக்கம். வெயிலில் நிற்கும் காருக்குள் ரீலைப் போட்டுவைப்பதும் அதே கெடுதலைச் செய்யும்.

மூன்றாவது பருவத்தில் எந்த லைனிலும் வருகிற குறை, நுனி மட்டும் மூழ்குவது. பலர் லைன் செத்துவிட்டது என்று முழுசாக மாற்றிவிடுகிறார்கள். பாதி நேரம் அது வெறும் அழுக்கு. நாலு தடவை ஆற்றுக்குப் போய்வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, 10 மீட்டர் லைனை ஊறவைத்து, மெல்லிய துணிக்குள் பிடித்து உருவிப் பாருங்கள். துணியில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாதவரை திரும்பத் திரும்ப உருவி, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்தபின் லைன் மெருகு பூசினால் நுனி மறுபடி மிதக்கும். அப்படியும் மூழ்கினால் லீடர் சேரும் கண்ணியில் பூச்சு வெடித்து, உள்பின்னல் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். கண்ணியை வெட்டிவிட்டு நெயில் முடிச்சில் லீடரின் தடித்த பக்கத்தைக் கட்டி, வெட்டுமுனையில் வளைந்துகொடுக்கும் பசை ஒரு சொட்டு வைத்தால் முடிந்தது. இந்த வைத்தியத்தால் 6 பருவத்துக்கு இரண்டே லைன் செலவானது.

நுனி மிதக்காவிட்டால் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். மலையாற்றில் ஒரே வீச்சுக்குள் மூன்று வேகத்தில் தண்ணீர் ஓடும். உங்கள் முன்னால் வேகம், பாறைக்குப் பின்னால் தேக்கம், நடுவில் இரண்டும் உரசும் கோடு. ட்ரவுட் அந்தக் கோட்டை ஒட்டி, ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். லைன் வேகத்தில் கிடந்து ஃபிளை தேக்கத்தில் கிடந்தால், இரண்டு நொடியில் லைன் ஃபிளையை இழுக்கத் தொடங்கும். இழுபடும் பூச்சியை ட்ரவுட் தொடாது. இதைச் சரிசெய்ய லைனை மேல்நீர்ப் பக்கம் தூக்கி மாற்றிப் போட வேண்டும். மூழ்கிய நுனியைத் தூக்கினால் ஃபிளையும் கூடவே எகிறும். மிதக்கும் நுனியை மட்டுமே ஃபிளைக்குத் தெரியாமல் நகர்த்த முடியும்.

ராடின் நீளம் கைகொடுப்பதும் இந்த இடத்தில்தான். பாறைகளுக்கு இடைப்பட்ட குழிகளில் இரண்டு மீட்டர் லைனை மட்டும் வெளியே விட்டு, ராடை உயர்த்தி, வேகமான தண்ணீரில் லைன் படாமலே ஃபிளையை ஓடவிடலாம். 7 அடி 6 அங்குல ராடு புதருக்குள் சௌகரியம்தான், ஆனால் இந்த வேலைக்கு எட்டாது. மலையாற்றில் பெரும்பாலான வீச்சு 6 முதல் 9 மீட்டருக்குள் முடிந்துவிடும். விறைப்பான வேக ராடு அந்தக் குறைந்த லைன் எடைக்கு வளையவே வளையாது; நடுத்தர வளைவுள்ள ராடுதான் ஏற்றது. மரம் பின்னால் கவிந்த இடத்தில், லைனைப் பின்னால் வீசாமல் முன்னே உருட்டிவிடும் ரோல் வீச்சு போடும்போது இந்த வித்தியாசம் கைக்கு நன்றாகவே தெரியும்.

ராடு உடைவது பெரும்பாலும் மீனால் அல்ல. ஒன்று, இணைப்பு தளர்வது. வீசிக்கொண்டே இருந்தால் துண்டுகள் மெல்லத் திரும்பி நெகிழும். நெகிழ்ந்த இணைப்பின் விளிம்பு பிளந்துவிடும். மணிக்கொரு முறை நாலு துண்டையும் தொட்டு இறுக்க வேண்டும். இணைப்பில் வெறும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் பிடிப்பு நிற்கும், கழற்றவும் வரும். சிக்கிக்கொண்டால் ராடை முழங்காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, இணைப்பின் இருபுறமும் கையால் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை அகட்டினால் நேராகக் கழன்றுவரும். இரண்டாவது, டங்ஸ்டன் மணி கோத்த ஃபிளை வீச்சில் தாழ்ந்து ராடு நுனியில் மோதுவது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கீறல் விழுந்த இடம் பல நாள் கழித்து, ஒரு சின்ன மீனுக்கே பட்டென்று போகும். மூன்றாவது, மீனை வலைக்குள் கொண்டுவரும்போது ராடைச் செங்குத்துக்கும் பின்னால் சாய்ப்பது. பாரமெல்லாம் நுனித் துண்டில் ஏறிவிடும். கையை நீட்டிப் பக்கவாட்டில் இழுங்கள். ஈரமான ராடைக் குழாய்க்குள் மூடிவைத்தால் வார்னிஷ் கொப்புளிக்கும், தக்கைப் பிடியில் பூஞ்சை படரும்.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த அளவு ஆற்றில் அது லைனைச் சுற்றிவைக்கும் பெட்டி. மணல் புகுந்தால் கழற்றித் துடைத்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய்.

ஃபிளைப் பெட்டியில் நூறு வகை வேண்டாம். 14, 16 எண்களில் பாரஷூட் ஆடம்ஸ், 14-இல் எல்க் ஹேர் காடிஸ், 16-இல் 2.5 மி.மீ. டங்ஸ்டன் மணி வைத்த ஃபெசன்ட் டெயில். பருவத்தின் பெரும்பகுதி இந்த மூன்றிலேயே ஓடுகிறது. ஆடம்ஸ் 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே கட்டியது. எந்தப் பூச்சியையும் அச்சு அசலாகக் காட்டாமல் பலவற்றைப் போல் இருப்பதே அதன் பலம். பாரஷூட் வகையில் நடுவே நிற்கும் வெள்ளைக் கொண்டை நுரைக்கு நடுவிலும் கண்ணுக்குப் படும். ஃபெசன்ட் டெயிலின் குறை, ட்ரவுட் பல் பட்டு இறகிழை அறுவது. அதை உருவாக்கிய இங்கிலாந்து ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் நூலே இல்லாமல் செம்புக் கம்பியால் கட்டினார். எடையும் கம்பியிலிருந்தே வந்தது. இறகைச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் கம்பியைச் சுற்றியதைப் பார்த்து வாங்குங்கள், அல்லது கட்டுங்கள். நான்கைந்து மீன் அதிகமாகத் தாங்கும்.

மிதப்பு ஜெல்லை ஃபிளை நனையும் முன்பே, அரிசியளவு, விரலில் கரைத்துத் தடவ வேண்டும். நனைந்தபின் தடவினால் தண்ணீரை உள்ளேயே பூட்டிவிடும். மீன் வழவழப்பு ஏறிய ஃபிளையை அலசி, துணியில் ஒற்றி, சிலிக்கா பொடியில் போட்டுக் குலுக்கினால் மறுபடி எழும். வாத்தின் மென்தூவியால் கட்டிய ஃபிளைக்கு ஜெல் கூடவே கூடாது, தூவி ஒட்டிப்போய்விடும்.

முள்ளின் எதிர்முள்ளை, அதாவது பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரை, குறட்டால் நசுக்கிவிடுங்கள். லைனைத் தளரவிடாதவரை மீன் தப்புவதில்லை, கழற்றுவது ஒரு நொடி வேலை. வலை ரப்பர் வலையாக இருக்கட்டும்; நூல் வலை மீனின் வழவழப்பை வழித்தெடுக்கும், முள்ளும் சிக்கும். கையை நனைக்காமல் மீனைத் தொடவே கூடாது. கூடவே ஒரு தண்ணீர் வெப்பமானி கட்டாயம். 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 11.3 மி.கி. வரை கரையும் ஆக்சிஜன், 20 டிகிரியில் 9.1 தான். அந்தச் சூட்டில் மீனுக்கு மூச்சின் தேவையும் கூடியிருக்கும். 20 டிகிரி காட்டினால் ராடை மடித்துவிட வேண்டும். விட்ட மீன் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும், பிறகு செத்துப்போக வாய்ப்பு அதிகம்.

நீர்புகாக் கால்சட்டையில் முதலில் போவது முழங்கால். ட்ரவுட் மேலே உள்ள உலகத்தைச் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு கூம்பு வழியாகத்தான் பார்க்கிறது. குனிந்து, கீழ்நீரிலிருந்து நெருங்கினால் அதன் கண்ணில் படுவது குறையும். அதனால் பாறையில் மண்டியிடுவது ஓயாது, முழங்காலும் தேயும். அடுத்தது தொடை உள்தையல். பிறகு நியோப்ரீன் காலுறையின் குதிகால். பூட்ஸுக்குள் புகும் சிறு கல் ஒன்றே போதும். ஓட்டையைக் கண்டுபிடிக்க, மூச்சுவிடும் சவ்வுள்ள வகைகளில் உட்புறத்தை வெளியே திருப்பி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தெளியுங்கள். ஓட்டை இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும். அங்கே யூரித்தேன் பசையை மெல்லிசாகத் தடவி ஒரு இரவு காயவிட்டால் அந்த இடம் மறுபடி ஒழுகாது. இடுப்புப் பட்டை இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்; விழுந்தால் உள்ளே புகும் நீரைத் தடுப்பது அதுதான்.

பூட்ஸில்தான் மனம் மாறியது. பாசி படிந்த உருண்டைப் பாறையில், கம்பளிபோல் அழுத்திய ஃபெல்ட் துணி அடிக்கு நிகர் இல்லை. ஆனால் சரிவான மண்கரையில் அது வழுக்கும், பனியில் கட்டி சேரும். எல்லாவற்றையும்விட, ஈரத்தைப் பல நாள் வைத்திருந்து, ஒரு ஆற்றின் உயிரிகளை இன்னொரு ஆற்றுக்குக் கடத்தும். டிடிமோ என்ற பாசிக்குப் பயந்து நியூசிலாந்து 2008-இலேயே ஃபெல்ட் அடியைத் தடைசெய்தது. இப்போது இந்தச் செட்டில் இருப்பது ரப்பர் அடியும் டங்ஸ்டன் கார்பைடு ஆணியும். பிடிப்பு ஃபெல்ட்டைவிட ஒரு படி குறைவு, அதற்கு ஈடாக ஒரு ஊன்றுகோல். ஆணிகள் பருவத்துக்கு மூன்று நான்கு கழன்று விழும். திருகும்போதே பசை வைத்தால் நிற்கும். ஆறு மாறும்போது அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவி, தொட்டால் உலர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் காயவிட்டு, அதற்கப்புறம் அடுத்த ஆற்றில் இறங்குங்கள்.