பிக்ஸார் இமேஜ் கம்ப்யூட்டர்: நாலு எண்ணுக்கு நாலு செயலி

1986-இல் விற்பனைக்கு வந்த, படங்களைச் செயலாக்குவதற்கென்றே செய்த இந்தக் கணினியின் வடிவமைப்பைப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. பின்னாளில் அனிமேஷன் படங்களால் பேர் வாங்கிய அதே பிக்ஸார்தான், அப்போது அவர்கள் விற்றுக்கொண்டிருந்தது இந்தப் பெட்டியை.

இதன் உயிர் 'சாப்' என்ற செயலியில் இருக்கிறது. ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, என்றால் சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் அந்த இடத்தை உருவம் எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் ஆல்ஃபா, ஆக நாலு எண்கள். சாதாரணக் கணினி ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போடும். சாப்பில் நாலு செயலிகள், ஒரே கட்டளை, ஆளுக்கொரு எண். ஓர் உருவத்தைப் பின்னணி மேல் ஒட்டுகிறோம் என்று வையுங்கள். தலைமுடி ஓரத்தில் ஆல்ஃபா 0.3 என்றால் பின்னணியை 0.7-ஆல் பெருக்கி முன்படத்தோடு கூட்ட வேண்டும், இதையே லட்சக்கணக்கான பிக்சல்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை இது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நினைவகம்தான். எண்ணுக்கு 12 பிட், பிக்சலுக்கு 48. அந்த 12 பிட்டையும் 0 (துளியும் இல்லை) முதல் 1 (முழு அளவு) வரைக்கே செலவழிக்காமல் −0.5 முதல் 1.5 வரை இடம் விட்டிருக்கிறார்கள். ஏன்? படத்தைக் கூர்மையாக்கும்போது விளிம்புகளில் மதிப்பு 0-க்குக் கீழே இறங்கும், 1-ஐத் தாண்டும். 0-க்கும் 1-க்கும் நடுவில் மட்டுமே சேமிக்கும் நினைவகம் அங்கேயே வெட்டிவிடும், வெட்டியது திரும்ப வராது. இங்கே அது பத்திரமாக அடுத்த கணக்குக்குப் போகிறது. படங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இது தோன்றும்.

சரி, குறைகள். விலை 1,35,000 டாலர். அதைக் கொடுத்தாலும் தனியாக ஓடாது. சன் அல்லது சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் பணிநிலையம் (திறன் மிகுந்த மேசைக் கணினி) ஒன்றை வேறு வாங்கி முன்னால் வைக்க வேண்டும். எல்லாம் முழு எண் கணக்கு என்பதால் முப்பரிமாண வடிவியலுக்கு இது தோதுப்படாது. மருத்துவப் படங்கள், உளவுத் துறை என்று வாடிக்கையாளர்களைத் தேடியும் 300 இயந்திரங்கள்கூட விற்கவில்லை, 1990-இல் வன்பொருள் பிரிவையே விகாம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றுக்கு இந்த முடிவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இதைச் சரியாகப் பயன்படுத்தியது டிஸ்னி. கையால் வரைந்த கோட்டோவியங்களுக்கு நிறமேற்றி, அடுக்கடுக்காகப் பின்னணியோடு சேர்க்கும் தங்கள் கேப்ஸ் அமைப்பில் இதை வைத்தார்கள். அந்த மாதிரி வேலைக்கு அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லியிருப்பேன்.