கிராஸ்டெர்ம்: டெர்மினலில் விசைகளை வாசிக்க ஒரு ரஸ்ட் நூலகம்

கட்டளைகளைத் தட்டி இயக்கும் எழுத்துத் திரையான டெர்மினலில் இயங்கும் சிறிய குறிப்பேட்டு நிரல் ஒன்றை ரஸ்ட் மொழியில் எழுதத் தொடங்கியபோது, லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் அது ஓட வேண்டும் என்பதற்காகவே விசைப்பலகை உள்ளீட்டுக்கு கிராஸ்டெர்ம் நூலகத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் எனக்கு முழு மனநிறைவு உண்டு.

ரஸ்டின் இயல்பு நூலகத்தை மட்டும் நம்பியிருந்தால், பயனர் என்டரை அழுத்தும் வரை ஓர் எழுத்துகூட நிரலுக்கு வந்து சேராது. கிராஸ்டெர்மில் ஒரே அழைப்பில் ரா மோடுக்கு, அதாவது ஒவ்வொரு விசையும் என்டருக்குக் காத்திராமல் உடனே நிரலுக்கு வந்து சேரும் நிலைக்கு, மாறிவிடலாம். லினக்ஸில் மேல் அம்பை அழுத்தும்போது டெர்மினல் வழக்கமாக அனுப்புகிற 27, 91, 65 என்ற மூன்று பைட்டுகளை நூலகமே சேர்த்துப் படித்து, ஒரே விசை நிகழ்வாக நம் கையில் தருகிறது.

விண்டோஸில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். அங்கே விசையை அழுத்துவதும் விடுவதும் தனித்தனி நிகழ்வுகளாக வருவதால், நிகழ்வின் வகை 'பிரஸ்' தானா என்று சோதிக்காத என் நிரலில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு முறை விழுந்தது. ரா மோடில் கன்ட்ரோல் சி நிரலை நிறுத்தாது. அதுவும் சாதாரண விசையாகவே வந்து சேரும். நிரல் பேனிக் ஆகும், அதாவது பிழையால் திடீரென நின்றுபோகும் வேளையில் ரா மோடை அணைக்கும் ஏற்பாடும் நம் பொறுப்பே. அதை நான் மறந்திருந்த நாளில், தட்டுவது எதுவும் திரையில் தெரியாத நிலையில் 'ரீசெட்' என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டித்தான் டெர்மினலை மீட்டேன்.

தமிழைத் தட்டிப் பார்க்காமல் எனக்கு மனம் ஆறவில்லை. ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக வரும் தமிழ்க் குறியீடுகளை நூலகம் பிழையின்றிச் சேர்த்துத் தருகிறது. ஆனால் 'கி' என்பது ககரமாகவும் இகரக் குறியாகவும் இரண்டு நிகழ்வுகளாக வருகிறது. பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் அழிப்பது தமிழில் தட்டுவோருக்குப் பழகிய ஒன்றுதான். இடது அம்பை அழுத்தும்போது கர்சர் எழுத்துக்கும் குறிக்கும் நடுவே போய் நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எழுத்தின் எல்லையைக் கண்டறிவது உள்ளீட்டு நூலகத்தின் வேலையன்று என்பதால் இதை கிராஸ்டெர்மின் குறையாக நான் எண்ணவில்லை. எழுத்தின் எல்லைகளைக் கண்டறியும் யூனிகோட்-செக்மென்டேஷன் நூலகத்தையும் உடன் சேர்த்த பிறகு, கர்சர் 'கி' முழுவதையும் ஒரே அடியில் தாண்டுகிறது.