பெற்றவளும் வளர்த்தவளும்: ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ இறுவட்டு மதிப்புரை

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002இல் வெளிவந்தது. இலங்கையின் மாங்குளத்தைக் களமாகக் கொண்ட படம் என்பதால் இங்குள்ள எங்களில் பலர் அதைப் போர்ப் படமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். வெள்ளவத்தையில் வாங்கிய இறுவட்டில் அண்மையில் அதை மீண்டும் பார்த்தபோது, வேறு வேறு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வளரும் வீட்டின் கதையாகவே அது எனக்குப் பட்டது.

அகதிப் பெண்ணொருத்தி பெற்றுவிட்டுப் போன குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் எழுத்தாளர் திருச்செல்வன், மணமாகாதவருக்குப் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள் என்று அறிந்ததும், இந்திராவைத் திருமணத்துக்குக் கேட்கிறார். குழந்தை முன்னே வர, கல்யாணம் பின்னே வருகிறது. முதல் தாரத்தின் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறவளின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அப்படிப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன், மனைவியாவதும் தாயாவதும் ஒரே மூச்சில் நடந்தால் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பாரம் என்பதை இந்தப் படம் இனிமையான காதல் காட்சிகளாக மாற்றிக் கடந்துவிடுகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

ஆனால் அந்தக் குழந்தை அமுதாவிடம், அவளது ஒன்பதாவது பிறந்தநாளில், அவள் தத்துப்பிள்ளை என்ற உண்மையைச் சொன்ன பிறகு வரும் பகுதி, தமிழ்ப் படங்களில் நான் கண்டவற்றுள் மிகவும் நேர்மையானது. அவளது கோபம் விட்டுப்போன தாயின் மீது திரும்பவில்லை. தலை வாரி, பாடம் சொல்லிக் கொடுத்து, குறும்புக்குக் கண்டித்து வளர்த்த இந்திராவின் மீதே விழுகிறது. கொஞ்சுகிற அப்பா செல்லமாகவே இருந்துவிட, கண்டிக்கிற அம்மா மட்டும் அந்நியளாகிப் போகிறாள். சித்தி என்றாலே சூடு வைப்பவள் என்று காட்டிப் பழகிய சினிமாவில், ஒரு குற்றமும் செய்யாமல் தள்ளி நிறுத்தப்படுகிறவளின் வலியை இந்திராவாக வரும் சிம்ரன் மிகையின்றி நடித்திருப்பது பெரிய விடயம். எங்கள் வீட்டில், பாடசாலைப் படிவத்தில் தாயின் பெயர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் மகள் பேனாவை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பெற்றவளின் பெயரைச் சொன்னேன், அவள் எழுதினாள், அன்றிரவு இருவருமே அதிகம் பேசவில்லை. இந்திராவின் மௌனங்கள் எனக்கு விளங்குவது அதனால்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அமுதாவின் தம்பிமார் இருவரும் கலகலப்புக்கு மட்டுமே பயன்படுகிறார்கள். அக்கா தங்கள் தாய் வயிற்றில் பிறந்தவளல்ல என்று அறிந்த சிறுவர்களின் மனத்தில் என்ன நடந்தது என்று படம் கேட்கவே இல்லை. முடிச்சை அவிழ்க்கும் விதமும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. இதே இயக்குநரின் ‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தில், இரு மனைவியரின் பிள்ளைகளான அண்ணன் தம்பியின் பகை, தகப்பனின் உயிருக்கு ஆபத்து வந்த பிறகே தீர்கிறது. இங்கேயும் துப்பாக்கிச் சூட்டில் இந்திரா காயப்பட வேண்டியிருக்கிறது. உண்மையான வீடுகளில் இரத்தம் சிந்தி இணக்கம் வருவதில்லை. சாப்பாட்டு மேசையில், சிறிது சிறிதாக, சில வேளை பின்வாங்கியும் வருகிறது. அந்த மெதுவான வேலையைக் காட்டும் பொறுமை நமது திரைக்கதைகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஈழத்துப் பேச்சுத் தமிழும் பல இடங்களில் எங்கள் காதுக்கு ஒட்டவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பூங்காவில் பெற்ற தாயைச் சந்திக்கும் காட்சி ஒன்றுக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். அமுதா கேள்விகளாக அடுக்க, நந்திதா தாஸின் சியாமா அவளோடு போக மறுக்கிறாள். பெற்றவளைக் கெட்டவளாக்கி வளர்த்தவளை உயர்த்தும் எளிய வழியை இயக்குநர் இங்கே எடுக்கவில்லை. ஏ. ஆர். ரஹ்மானின் இசைக்கும் வைரமுத்துவின் பாடல்களுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தது தகும்.

மறுமணம் நடந்த வீடுகளிலும் தத்துப்பிள்ளை வளரும் வீடுகளிலும் பெரியவர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்லது. குண்டுவெடிப்பும் இடப்பெயர்வும் சிறு பிள்ளைகளைக் கலங்கடிக்கும். நான் வாங்கிய இறுவட்டில் படமும் ஒலியும் தெளிவாகவே இருந்தன. காட்சிகளைத் தனித்தனியே தெரிவு செய்யவும் முடிந்ததால், அந்தப் பகுதிகளைத் தாண்டிச் செல்வதில் சிரமம் இருக்கவில்லை.