நூறு யென் கடை காய்கறி கார்டு: வாங்குங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க

ஜப்பானுக்கு புதுசா வந்து இறங்குற நம்மாளுங்க நிறைய பேர் கேக்குறது, நூறு யென் கடையில சின்ன பசங்களுக்குன்னு காய்கறி படம் போட்ட கார்டு விக்குதே, அதை வச்சு காய் பேரெல்லாம் கத்துக்கலாமான்னு. பேருதான் நூறு யென், வரியோட 110. எங்க வீட்ல பொண்ணுக்குன்னு வாங்கி இப்ப அவளை விட நாங்கதான் ஜாஸ்தி யூஸ் பண்றோம். என் தீர்ப்பு: பேரு வாயில நுழையணும்னா சூப்பர், கடைக்குப் போய் காய் வாங்கணும்னா பாதி கிணறுதான் தாண்டும்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். முன்பக்கம் போட்டோ, பின்பக்கம் ஹிராகனாங்குற ஜப்பானிய எழுத்துல பேரு, அவ்ளோதான். நின்ஜின்னா கேரட், தமநெகி வெங்காயம், நசு கத்திரிக்கா, டைகோன் முள்ளங்கி, ரென்கோன் தாமரைக்கிழங்கு, சதோஇமோ நம்ம சேப்பங்கிழங்கு. போட்டோ தெளிவா இருக்கு, கார்டும் கெட்டியா இருக்கு. கியூரி (வெள்ளரிக்கா), ஹோரென்சோ (பாலக் கீரை) மாதிரி நெடில் வர்ற இடமெல்லாம் நமக்கு பிரச்சனையே இல்ல, குறில் நெடில் பாத்தே வளந்த வாய் இது.

இப்ப குறைக்கு வரேன். கார்டு முழுக்க ஹிராகனா, ஆனா சூப்பர்மார்க்கெட் விலை அட்டையில ஒரு காய் கட்டகானாங்குற இன்னொரு ஜப்பானிய எழுத்துல இருக்கும், பக்கத்து காய் கான்ஜிங்குற சீன வழி எழுத்துல இருக்கும், அடுத்தது ரெண்டும் கலந்து இருக்கும், அதுலயும் சில கடையில கையால எழுதி வச்சிருப்பாங்க, கார்டை மனப்பாடம் பண்ணிட்டுப் போனவங்க அங்க போய் முழிக்க வேண்டியதுதான். டைகோன், தமநெகி, ஹோரென்சோ இந்த மூணையும் கான்ஜியோட சேத்து பழகிடுங்க, வாராவாரம் கண்ணுல படும்.

அடுத்தது அளவு. கார்டுல அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. இங்க காயை எடை போட்டு வாங்குற பழக்கம் கம்மி. எண்ணித்தான் விலை, 'ஒண்ணு'ங்குறதுக்கே காய்க்குக் காய் சொல் மாறும்: முள்ளங்கி, கேரட்டெல்லாம் இப்போன், முட்டைகோஸ் ஹித்தோதமா, கீரை ஒரு கட்டு ஹித்தோதபா, பை போட்டது ஹித்தோஃபுகுரோ. கபோச்சான்னு பச்சைத் தோல் பூசணி, அதை பாதியாவோ காலாவோ வெட்டி விதையோட பிளாஸ்டிக் சுத்தி வச்சிருப்பான். வெண்டைக்காய் இருக்கே, ஒகுரா, அது பச்சை வலைப்பைக்குள்ள எண்ணி எட்டோ பத்தோ அடுக்கி வச்சிருக்கும், நுனியை உடைச்சுப் பாத்து வாங்குற வேலையெல்லாம் இங்க நடக்காது!

நெகின்னு ஒரு கார்டு இருக்கு, படத்துல நீளமா வெள்ளைத் தண்டு. டோக்கியோ பக்கம் அது சரி, ஒசாகா பக்கம் போனா நெகின்னாலே பச்சையா இருக்குற ஆவோநெகிதான் முதல்ல ஞாபகம் வரும். ஷிஷிதோ கார்டே இல்ல. பாக்க அச்சு அசல் பச்சைமிளகா, வாங்கிட்டுப் போய் சட்னி அரைச்சா காரமே இருக்காது, ஆனா நடுவுல எப்பயாவது ஒண்ணு மட்டும் சுர்ருனு ஏறும். நம்மாளுங்களுக்கு முதல்ல தேவைப்படுற கார்டே அதுதான்.

கொமட்சுனாங்குற கீரையையும் விட்டுட்டாங்க, அதுதான் எனக்கு தாங்கல. டோக்கியோவுல இந்தியர்கள் நிறைய இருக்குற நிஷிகசாய் எந்த எதோகவா வார்டுல இருக்கோ, அதே வார்டுல இருக்குற கொமட்சுகவாங்குற இடத்தோட பேருதான் இந்த கீரைக்கு. அந்தக் காலத்துல ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்கள்ல (ஷோகன்) எட்டாவது ஆளான தோகுகவா யொஷிமுனே வேட்டைக்கு வந்த இடத்துல சாப்ட்டுட்டு வச்ச பேருன்னு கதை சொல்லுவாங்க. ஹோரென்சோ மாதிரி வேகவச்சு தண்ணிய கொட்ட வேணாம், நேரா நறுக்கி கடுகு தாளிச்சு பொரியல் பண்ணிடலாம். சொந்த ஊரு கீரைய விட்டுட்டு அஸ்பரகஸுக்கு கார்டு போட்டு வச்சிருக்கான்!

அதனால நான் சொல்றது, கார்டோட கூடவே சிராஷியும் எடுத்துக்கோங்க, அதான் சூப்பர்மார்க்கெட் விளம்பர நோட்டீஸ். கடை வாசல்லயே ஒட்டியிருக்கும், போன்லயும் பாக்கலாம், காசும் கிடையாது. காய் போட்டோ, பேரு, எந்த ஊர் விளைச்சல், எத்தனைக்கு எவ்ளோன்னு எல்லாம் அங்க விலை அட்டையில இருக்குற எழுத்துலயே இருக்கும். உருளைன்னா ஹொக்காய்தோ, முட்டைகோஸ்னா குன்மா, இஞ்சின்னா கோச்சின்னு திரும்பத் திரும்ப பாத்து ஊர் பேரும் சேந்து மனசுல ஒட்டிக்கும். பெருசா போட்டிருக்குறது பல கடையில வரி சேக்காத விலை, கீழ குட்டியா இருக்குறதுதான் நீங்க குடுக்கப்போறது, சாப்பாட்டு சாமானுக்கு வரி 8 சதவீதம்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். வீட்ல குட்டிப் பசங்க இருந்தா நாலு. புத்தகக் கடையில டப்பாவுல வர்ற பெரிய செட் ஆயிரம் யென்னுக்கு மேல ஆகும், காய் பேருக்காக மட்டும்னா அவ்ளோ செலவு தேவையில்ல, அந்தக் காசுக்கு காயே வாங்கிடலாம்.