பூர்வீகம் தேடித் தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம் கவனம்

இலங்கை மலையகத்தில் பூர்வீகம் தேடும் எல்லோரும் இதைத் தயவுசெய்து வாசியுங்கள். என் அப்பாவை ஏமாற்றியவர் இப்போதும் வாட்ஸ்அப் குழுக்களில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம். அப்பாவின் தாத்தா தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து மண்டபம் கேம்ப் (இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் ஆட்களைத் தங்கவைத்த முகாம்) வழியாக வந்தவர். எந்த ஊர் என்று தெரியாது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட விண்ணப்பத்தின் பிரதி வீட்டில் இருந்தது. ஆனால் ஊர் எழுதிய மூலையைக் கறையான் தின்றுவிட்டது. சாவதற்குள் அந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. கொழும்பு சுவடிகள் காப்பகத்தில் தனக்கு ஆள் இருக்கிறது என்று சொன்னவரை நம்பி, இபிஎஃப் காசிலிருந்து 45,000 ரூபாய் கட்டினார்.

மூன்று வாரத்தில் ஒரு பேப்பர் துண்டின் நகல் வந்தது. வீரகேசரிப் பத்திரிகை, 1927 மார்ச் என்று போட்டிருந்தது. பெரிய கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வருபவர்) வந்த 40 பேரின் பெயர்கள், அதில் தாத்தா பெயர், திருச்சிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அழுதுவிட்டார். லேமினேட் செய்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஹட்டனில் அச்சுக்கோர்த்த மாமா ஒருவர் பொங்கலுக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, 'தலைமை'யில இருக்கிற 'லை'யைப் பாரு. இது ஈய எழுத்து இல்ல" என்றார். பழைய அச்சில் லை, னை, ணை, ளை நான்குக்கும் தலைக்கு மேலே தும்பிக்கை மாதிரி வளைவு வரும். அந்தத் துண்டிலோ இப்போது நாம் எழுதும் வடிவம்தான் இருந்தது. அதைத் தமிழ்நாட்டு அரசே 1978இல்தான் ஏற்றது. அப்புறம் பார்த்தால், வீரகேசரி தொடங்கியதே 1930இல்! அந்த ஒன்றை முதலில் பார்த்திருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெர்குசன் டிரெக்டரி மாதிரி பழைய ஆங்கிலப் புத்தகங்களில் தோட்டத்தின் பெயர், ஏக்கர், துரைமார் பெயர் எல்லாம் இருக்கும். கொழுந்து பறித்தவர்கள் பெயர் இருக்காது. நம் ஆட்களைத் தேட வேண்டிய இடம் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவேடு), பிறப்பு இறப்புப் பதிவு, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பிரஜாவுரிமைக் காகிதங்கள். யாராவது பழைய பேப்பர் என்று எதையாவது அனுப்பினால் தேதியையும் பக்க எண்ணையும் கேளுங்கள். காப்பகத்தில் அந்த இதழை நேரில் பார்க்கும்வரை காசு கொடுக்காதீர்கள். அசல் காகிதத்தைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், போட்டோ போதும்.

நாங்கள் கொடுத்துவிட்டோம். ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அந்த விண்ணப்பத்தை வாங்கிப் போனவர் இப்போது போனை எடுப்பதில்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். காசு போனால் போகட்டும். தாத்தாவுக்கு ஒரு போட்டோகூட கிடையாது. அந்தக் காகிதத்தின் அடியில் இருந்த பெருவிரல் ரேகை மட்டும்தான் எங்களிடம் இருந்தது.